கபடியின் கார்னர் ஆட்டக்காரர்கள்

எழுவர் நிற்கும் தற்காப்பு வரிசையின் இரு முனைகளிலும் நிற்கும் கார்னர்கள்தான் பெரும்பாலும் பிடியைத் தொடங்குகிறார்கள். பாடி வரும் ரைடர் போனஸ் கோட்டைக் கடக்கக் காலை நீட்டும் நொடியில், அந்தக் கணுக்காலைப் பாய்ந்து பிடிப்பது கார்னரின் தனி வித்தை. அரை நொடி முந்தினால் ரைடர் காலை இழுத்துக்கொள்வார்; பிந்தினால் கோட்டைக் கடந்துவிட்டுத் திரும்பிவிடுவார்.

தஞ்சை மாவட்டத்தின் தர்மராஜ் சேரலாதன் வலது கார்னர். சக வீரர்களுக்கு அவர் 'அண்ணா'. ஈரானின் ஃபசல் அத்ராச்சலி இடது கார்னர். 2016இல் புரோ கபடி லீக்கின் நான்காம் பருவத்தில் இருவரும் ஒரே அணியில் ஆடினார்கள். 41 வயதுச் சேரலாதனின் தலைமையில் பாட்னா பைரேட்ஸ் கோப்பை வென்றது. மறுமுனையில் நின்ற ஃபசலுக்கு வயது 24. அதே ஆண்டு அக்டோபரில் அகமதாபாத்தில் நடந்த உலகக்கோப்பை இறுதியில் இருவரின் நாடுகளும் மோதின. இந்தியா 38–29 என வென்றது.

புள்ளிக் கணக்கில் ஃபசலே முன்னணி: லீக்கில் இந்திய வீரர் மஞ்சீத் சில்லரின் டேக்கிள் (பிடி) புள்ளிச் சாதனையைக் கடந்தவர். 2018 ஆசிய விளையாட்டில் இந்தியாவை அரையிறுதியில் வீழ்த்தித் தங்கம் வென்ற ஈரான் அணியிலும் இருந்தார். உடல் வலுவோடு முன்னேறி மோதுவது அவர் பாணி. சேரலாதனுடையது பொறுமை.

ஆனால் லீக் தொடங்கும்போதே நாற்பதை நெருங்கி, 46 வயதிலும் ஜெய்ப்பூர் அணிக்காகக் களமிறங்கிய சேரலாதனை வெறும் புள்ளிகளால் அளப்பது நியாயமாகாது. அவருடைய இளமைக்கால ஆட்டம் முழுவதும் அந்தக் கணக்குக்கு வெளியே நிற்கிறது.