தேய்க்கும் கையும் தேய்க்கும் எண்ணெயும்

குறைமாதக் குழந்தையின் உடம்பைப் பிடித்துவிடுவது மருத்துவமா, வெறும் சீராட்டலா என்ற கேள்விக்கு 1986-இல் அமெரிக்காவில் டிஃபனி ஃபீல்டும் உடன் ஆய்வாளர்களும் எண்களால் விடை சொன்னார்கள். தீவிர சிகிச்சையிலிருந்து தேறிய 40 குழந்தைகளில் பாதிப் பேருக்கு நாளுக்கு மூன்று வேளை, வேளைக்கு 15 நிமிடம் எனப் பத்து நாள் உடம்பை நீவி, கைகால்களை மடக்கி நீட்டினார்கள். குடித்த பால் இரு சாராருக்கும் ஒன்றுதான். ஆனால் நீவப்பட்ட குழந்தைகளின் அன்றாட எடையேற்றம் 47 விழுக்காடு கூடுதல். அவர்கள் ஆறு நாள் முன்னதாகவே வீடு திரும்பினார்கள்.

'பாட்டி சொன்னதை அறிவியல் ஒப்புக்கொண்டது' என்று இந்த முடிவை மேற்கோள் காட்டுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. நான் மறுப்பது அதைத்தான். ஃபீல்டு சோதித்தது கையின் அழுத்தத்தை. பாட்டி செய்வதோ ஒரு தொடர்: காலை நீட்டி உட்கார்ந்து, கணுக்காலுக்கு மேல் குழந்தையைக் கிடத்தி, எண்ணெய் தேய்த்து, உறுப்புகளை உருவிவிட்டு, வெந்நீர் ஊற்றி, வாயில் விரலைவிட்டுச் சளியெடுத்து, மூக்கில் எண்ணெய் விட்டு ஊதி, சாம்பிராணி காட்டுவது. இதில் எது பலன் தருகிறது, எது சும்மா கூட வருகிறது, எது கெடுக்கிறது என்பதைத் தனித்தனியே கேட்டாக வேண்டும்.

முதலில் அழுத்தம். மெல்ல வருடினால் குழந்தைக்குக் கூச்சம்தான் மிஞ்சுகிறது. ஓரளவு அழுத்தி நீவும்போதே, மூளையிலிருந்து இரைப்பைக்குச் செல்லும் வேகஸ் நரம்பின் செயல்பாடு கூடி, இரைப்பையின் அசைவும் கூடுகிறது என்று ஃபீல்டு குழுவின் பிந்தைய ஆய்வுகள் காட்டின. பால் அளவு மாறாமல் எடை ஏறியதற்கு இது ஏற்கத்தக்க விளக்கம். ஆயினும் 2004-இல் வந்த, பல ஆய்வுகளைத் தொகுத்து எடைபோட்ட காக்ரேன் மதிப்பாய்வு நாளுக்குச் சுமார் 5 கிராம் கூடுதல் எடையையும், நாலரை நாள் குறைவான மருத்துவமனைத் தங்கலையும் கணக்கிட்டுவிட்டு, ஆய்வுகளின் தரத்தைக் கடுமையாகவே குறைகூறியது. எந்தக் குழந்தை நீவப்பட்டது என்பது தெரிந்தவரே அதை எப்போது வீட்டுக்கு அனுப்பலாம் என்று முடிவு செய்தால், தங்கல் குறைந்ததற்குக் காரணம் கைதானா என்று எப்படி உறுதியாகச் சொல்வது?

எண்ணெயின் கதை வேறு. குறைமாதக் குழந்தையின் மேல்தோல் முதிராதது. அதன் வழியே நீரும் சூடும் வெளியேறும், கிருமி உள்ளே நுழையும். டாக்கா சிசு மருத்துவமனையில் ஆய்வாளர் டார்ம்ஸ்டாட்டின் குழுவினர் நடத்தி, 2005-இல் 'லான்செட்' மருத்துவ இதழ் வெளியிட்ட சோதனையில் சூரியகாந்தி எண்ணெய் பூசப்பட்ட குழந்தைகளுக்கு மருத்துவமனைத் தொற்று 41 விழுக்காடு குறைந்தது. அங்கே எண்ணெய் மென்மையாகப் பூசப்பட்டது, உருவிவிடப்படவில்லை. அதே ஆண்டு மும்பையிலிருந்து வந்த ஆய்வு இன்னும் கூர்மையானது. தேங்காயெண்ணெய், கனிம எண்ணெய், பவுடர் என மூன்று குழுக்கள்; தேய்ப்பு மூன்றுக்கும் பொது. குறைமாதக் குழந்தைகளில் எடை வேகமாக ஏறியது தேங்காயெண்ணெய்க் குழுவில். கை ஒன்றாயிருக்க, வேறுபாட்டை உண்டாக்கியது எண்ணெய்.

எந்த எண்ணெயும் சரி என்று இதற்குப் பொருளில்லை. எலிகளின் தோலில் கடுகெண்ணெய் காப்புத்திறனைக் கெடுத்தது. வளர்ந்தவர்களின் தோலில் ஆலிவ் எண்ணெயும் அதையே செய்தது. ஒலெயிக் அமிலம் மிகுந்தது தோலைத் தளர்த்தும், லினோலெயிக் அமிலம் மிகுந்தது காக்கும் என்பது பொதுவான விளக்கம். தேங்காயெண்ணெயில் லினோலெயிக் அமிலம் மிகக் குறைவு. ஆகவே மும்பை முடிவை இந்த விளக்கத்துக்குள் அடக்க முடியாது. தோல்வழி உறிஞ்சப்படும் கொழுப்பு ஒரு பங்கு ஆற்றியிருக்கலாம்.

மீதமுள்ளவற்றுக்கு இவ்வளவு நீண்ட விசாரணை தேவையில்லை. மூக்கில் விடும் எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் கொழுப்பு நிமோனியா வரும். தொண்டைக்குள் போகும் விரல் கிருமியையும் கொண்டுபோகும். உரம் விழுந்ததென்று புடவையில் போட்டு உருட்டுவதற்கு எந்த நியாயமும் இல்லை. எடை குறைந்த குழந்தைக்குக் குளியலேகூட உடல்சூட்டை இறக்கும் ஆபத்து. தேய்ப்பின் பலனை அடுத்த நிமிடமே ஊற்றிக் கழுவுவதற்கு ஒப்பானது அது.

வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவமனைகளில் பெரும்பாலும் கேட்கும் அறிவுரை, 'எண்ணெய் கிண்ணெய் எதுவும் வேண்டாம்' என்பதே. தன் கைப்பழக்கம் முழுவதையும் தள்ளச் சொல்வதால் பாட்டி அந்த அறிவுரையையே முழுதாகத் தள்ளிவிடுகிறார். மூக்கில் ஊதுவதும் அப்படியே தொடர்கிறது. தேய்ப்பதை அனுமதித்து, அளவான அழுத்தத்தையும் எண்ணெயையும் வார்டிலேயே அவர் கையால் செய்யவைத்து, மூக்கையும் தொண்டையையும் மட்டும் விலக்கச் சொன்னால், அந்த விலக்கைக் கேட்க அவருக்குக் காரணம் இருக்கும். இதற்குக் கூடுதல் செலவு எதுவும் இல்லை. தாயோடு பாட்டியையும் உள்ளே அனுமதித்தால் போதும்.