கூப்பன் அரிசி

1942இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்தபோது இலங்கையின் சோற்றுப் பானைக்கே ஆபத்து வந்தது. தேயிலையும் ரப்பரும் விற்ற பணத்தில் அரிசியை இறக்கி உண்டு பழகிய நாடு அது. தேவையில் பாதிக்கும் மேல் கடல் கடந்தே வந்தது. அந்த ஆண்டே பங்கீடு தொடங்கியது. ஆளுக்கொரு கூப்பன் புத்தகம், வாரத்துக்கு இத்தனை கொத்து என்ற அளவு, வாங்கும் இடம் பெரும்பாலும் கூட்டுறவுச் சங்கக்கடை. போர் முடிந்தும் கூப்பன் போகவில்லை. மலிவு அரிசி மக்களின் உரிமையாகவே நிலைத்துவிட்டது.

கொரியப் போர்க்காலத்தில் உலகச் சந்தையில் அரிசி விலை ஏற, பின்னர் ரப்பர் விலை சரிந்தது. 1952இல் இலங்கை சீனாவுடன் ரப்பர்-அரிசி ஒப்பந்தம் செய்தது. ஆண்டுக்கு 50,000 தொன் ரப்பர் போகும், 2,70,000 தொன் அரிசி வரும். கம்யூனிச எதிர்ப்பை முழங்கிய ஐக்கிய தேசியக் கட்சி அரசே பீக்கிங்கின் கதவைத் தட்டியது. அமெரிக்க உதவி கிடைக்காமல் போகும் என்று தெரிந்தும் பின்வாங்கவில்லை. வயிற்றுக்கு முன்னால் கொள்கை கொஞ்சம் ஒதுங்கித்தான் நின்றது.

ஆனால் மலிவு அரிசிக்கான மானியச் சுமை குறையவில்லை. 1953 ஜூலையில் நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்தன ஒரு கொத்து அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தினார். ஆகஸ்ட் 12இல் இடதுசாரிகள் அழைத்த ஹர்த்தாலில் கடைகள் பூட்டப்பட்டன, தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் கூடியது. அக்டோபரில் பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார். அதன்பின் கூப்பனில் கைவைக்க எந்த அரசும் நீண்டகாலம் தயங்கியது. 1966 இறுதியில், மீண்டும் பிரதமராகியிருந்த அதே டட்லி, அளவைப் பாதியாக்கி ஒரு கொத்தை இலவசமாகத் தந்தார். வெட்டிய பாதியைத் திருப்பித் தருவதாகச் சொல்லி 1970 தேர்தலில் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் கூட்டணி வென்றது.

வென்ற சில ஆண்டுகளிலேயே நெருக்கடியும் வந்தது. 1973இல் உலக உணவு விலையும் எண்ணெய் விலையும் ஒன்றாக ஏறின. அந்நியச் செலாவணி இல்லை. கூப்பன் அளவு சுருங்கியது. உணவகங்களில் வாரத்தில் சில நாள் சோறு பரிமாறத் தடை. பாணுக்கு விடியுமுன் வரிசை, வீடுகளில் மரவள்ளிக்கிழங்கு. அனுமதியின்றி ஓரிரு கொத்துக்கு மேல் அரிசி கொண்டுசெல்ல முடியாது. பேருந்தைச் சாவடியில் நிறுத்திப் பயணிகளின் பைகளைக் கிளறினார்கள்.

இந்தப் பஞ்சம் எல்லோரையும் ஒரேபோல் தாக்கவில்லை. மிளகாய், வெங்காய இறக்குமதி நின்றதால் யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் கையில் காசு புரண்டது. கிணற்றுநீர் இறைத்துச் சிறு துண்டு நிலத்தில் செய்த பயிர் கொழும்பில் நல்ல விலை போயிற்று. மலையகத்திலோ நிலை நேர்மாறு. சொந்தமாகப் பயிரிட நிலமின்றி, கூலியையும் பங்கீட்டு மாவையும் நம்பியிருந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் பட்டினி கிடந்தன. 1974இல் அங்கே இறப்பு விகிதம் வெகுவாக உயர்ந்தது. தேயிலை நாட்டுக்குச் செலாவணி தந்தது. அதைப் பறித்தவர்களுக்கு அதில் அரிசி வரவில்லை.

1977இல் ஆட்சிக்கு வந்த ஜயவர்தன, 24 ஆண்டுக்கு முன் தோற்ற வேலையைப் படிப்படியாக முடித்தார். சந்தை திறக்கப்பட்டதும் இறக்குமதி மிளகாயும் வெங்காயமும் யாழ்ப்பாணத்து விலையை வீழ்த்தின. 1978இல் மாத வருமானம் 300 ரூபாவுக்கு உட்பட்ட குடும்பங்களுக்கு மட்டுமே கூப்பன் என்றாயிற்று. 1979 செப்டம்பரில் அதுவும் போய் உணவு முத்திரை வந்தது. இம்முறை ஹர்த்தால் இல்லை. முத்திரையில் அச்சிட்ட ரூபாத் தொகை அப்படியே நிற்க, விலைவாசி ஏறியது. சில ஆண்டுகளிலேயே அதற்குக் கிடைத்த அரிசி ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.