வயர்மேன் அண்ணனின் மெக்கர்

எடைத்தராசில் ஏறப்போன பெட்டி இது. எங்க ஊர் வயர்மேன் அண்ணன் தவறினதுக்கப்புறம் அவர் பையன் வீட்டை ஒழுங்கு பண்ணிட்டிருந்தான். பழைய இரும்புக்காரர் வாசலில் நிக்கிறார். "முள்ளு நிக்கவே மாட்டேங்குதுங்ணா, கண்ட பக்கம் ஆடுது, கெட்டுப்போச்சு"ன்னான். வாங்கிப் பார்த்தேன். மெக்கர். கெட்டெல்லாம் போகலை. சுத்தாதபோது அதோட முள் எங்க வேணும்னாலும் நிக்கும், அதுதான் அதன் இயல்பு. இரும்பு விலைக்கு மேல ஒரு தொகை கொடுத்து எடுத்துட்டு வந்தேன்.

டவுன்ல இருக்கிறவங்களுக்கு மெக்கர்னா என்னன்னு சொல்லிடறேன். மோட்டார் காயிலுக்கும் அதோட இரும்பு உடம்புக்கும் நடுவுல கரண்ட் கசியுதான்னு பார்க்கிற கருவி. சிட்னி எவர்ஷெட்னு ஒரு இங்கிலாந்துக்காரர் 1889-லயே இதுக்கு வழி பண்ணிட்டார். 1903-ல் 'மெக்கர்'ங்கிற பேரை லண்டன் கம்பெனியான எவர்ஷெட் அண்ட் விக்னோல்ஸ் பதிவு பண்ணினாங்க. அது ஒரு கம்பெனி வச்ச பேருன்னு இங்க யாருக்கும் தெரியாது. எந்தக் கம்பெனிப் பெட்டியா இருந்தாலும் மெக்கர்தான்.

உள்ளே ஒரு சின்ன டைனமோ இருக்கு, பேட்டரி கிடையாது. கைப்பிடியைச் சுத்தினா 500 வோல்ட் வரும். முள்ளோட தண்டில் ரெண்டு காயிலைக் கோணமா வச்சிருப்பாங்க. ஒண்ணு வோல்டேஜுக்கு இழுக்கும், இன்னொண்ணு கசியிற கரண்டுக்கு இழுக்கும். ரெண்டும் இழுத்துப் பிடிச்சு எங்க சமாதானம் ஆகுதோ அங்க முள் நிக்கும். அதனால கொஞ்சம் வேகமாச் சுத்தினாலும் மெதுவாச் சுத்தினாலும் கணக்கு பெருசா மாறாது. முள்ளைத் திருப்பிக் கொண்டுவர ஸ்பிரிங் இல்லை. பையன் பார்த்த 'கோளாறு' அதுதான்.

கொங்குப் பக்கம் இந்த மாதிரிக் கருவிகளுக்கு எப்படித் தேவை வந்ததுன்னா, அது கிணத்தோட கதை. மாடு கட்டிக் கவலை இறைச்ச ஊர் இது. 1932-ல் பைக்காரா நீர்மின் நிலையம் ஓட ஆரம்பிச்சு, கோயமுத்தூருக்கு கரண்ட் வந்தது. 1937-ல் ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரமும் சேர்ந்து கோவையிலயே மோட்டார் செஞ்சாங்க. அதுக்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமா கிணத்துக்குக் கிணறு மோட்டார். மோட்டார் வந்தா காயில் கட்டுறவர் வேணும், அவருக்கு மெக்கர் வேணும்.

போன ஐப்பசியில் நாலு நாள் அடைமழை. மோட்டார் ரூமுக்குள்ள சாரல். மழை விட்டதும் என்கிட்ட இருக்கிற டிஜிட்டல் மீட்டரை மோட்டார் பாடியில வச்சுப் பார்த்தேன், 'பீப்' அடிக்கலை. சரி, நல்லாருக்குன்னு சுவிட்ச் போடப் போனவன், ஏனோ வயரைக் கழட்டி மெக்கரையும் வச்சுச் சுத்தினேன். முள் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துடுச்சு. வயக்காட்டுல கணுக்கால் அளவு தண்ணி நிக்கும்போது வரப்பு நல்லாத்தான் இருக்கும். ரொம்பி நின்னாத்தானே நண்டு வளை எங்கன்னு தெரியும்? சின்ன பேட்டரி கொடுக்கிற சில வோல்ட் கணுக்கால் தண்ணி, 500 வோல்ட் ரொம்பின தண்ணி. அதோட அந்த 'பீப்' நேரடி ஷார்ட் இருந்தாத்தான் கத்தும், ஈரத்துக் கசிவுக்கெல்லாம் கத்தாது. ரெண்டு நாள் மோட்டாருக்குள்ள குண்டு பல்பு எரியவிட்டுக் காயவச்சேன். ஒரு மெகா ஓமுக்குக் கீழே இருந்தா ஓட்டாதேன்னு அண்ணன் சொல்வார். அதைத் தாண்டி நல்லா ஏறின பிறகுதான் ஓட்டினேன். காயில் கட்டுற கூலியைவிட, மஞ்சளுக்குத் தண்ணி பாயாம நிக்கிற நாட்கள்தான் பெரிய செலவு.

அண்ணன்கிட்ட ஒரு ஏவோ மீட்டரும் இருந்தது, மில் ஏலத்தில் எடுத்தது, செங்கல் கனம். ஆம்பியர், வோல்ட், ஓம் மூணும் ஒரே பெட்டியில். மூணு மீட்டரைச் சுமந்து சலிச்ச டொனால்ட் மெக்கடீங்கிற இங்கிலாந்துத் தபால்துறை இன்ஜினியர் யோசிச்சது, 1923-ல் விற்பனைக்கு வந்தது. 1951-ல் வந்த எட்டாம் மாடல் 2008 வரை தயாரானது. கடைசியில் உள்பாகங்கள் கிடைக்கிறது சிரமமாகித்தான் நிறுத்தினாங்க.

அதுக்கும் ஒரு வேலை உண்டு. ஒரு தடவை போஸ்ட்ல ஒரு பேஸ் பியூஸ் போயிருந்தது. ஸ்டார்ட்டர் ஆஃப்ல இருக்கும்போது என் டிஜிட்டல் மீட்டர் அந்த பேஸில் தொண்ணூறு வோல்ட் காட்டினது. செத்த வயர்ல ஏது தொண்ணூறு? ஒரே கேபிளில் பக்கத்து வயர்களில் இருக்கிற வோல்டேஜ் தொட்டுத் தொட்டுத் தரும் நிழல் வோல்டேஜ் அது. டிஜிட்டல் மீட்டர் கிட்டத்தட்ட ஒண்ணுமே உறிஞ்சாது, அதனால அந்த நிழலைக்கூட நிஜம்னு காட்டிடும். ஏவோ முள்ளை நகர்த்தவே கொஞ்சம் கரண்ட் எடுத்துக்கும், எடுத்ததும் நிழல் கலைஞ்சிடும். அண்ணன் வச்சப்ப முள் அசையலை. (டெஸ்ட் பல்பு வச்சாலும் இதே பதில்தான், அது இன்னும் மலிவு.)

பழசெல்லாம் உசத்தின்னு சொல்ல வரலை. பழைய மீட்டர்கள் இப்போதைய பாதுகாப்புத் தரத்துக்கு வராது. வயர் தோல் வெடிச்சிருந்தா ஆளையே அடிச்சிடும். முதல் வேலையா மெக்கரோட லீடு வயர் ரெண்டையும் மாத்தினேன். சென்னையில இருந்து ஒருத்தர் அலமாரியில வைக்கக் கேட்டார், தரலை.

ஏவோவை அண்ணன் பையனே வச்சிருக்கான். மெக்கரை எப்படிச் சுத்தறதுன்னு போன மாசம் வந்து கேட்டுக் கத்துக்கிட்டான். மழைக்காலத்தில் பெட்டி நாலு தோட்டத்துக்குப் போய் வருது. தோல் பட்டை அறுந்துபோச்சு, இப்போதைக்குச் சணல் கயிறு கட்டியிருக்கேன்.