கிறிஸ்துகுல ஆசிரமம், திருப்பத்தூர்

கிறிஸ்துகுல ஆசிரமம், பழைய வடஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்த திருப்பத்தூரில் 1921இல் தொடங்கப்பட்ட கிறிஸ்தவ ஆசிரமம். இந்தியப் புராட்டஸ்தாந்தரிடையே தோன்றிய ஆசிரமங்களில் இது மிகத் தொடக்க காலத்தது. இதை நிறுவிய இருவரும் மருத்துவர்கள். ஒருவர் சவரிராயன் ஜேசுதாசன் (1882–1969), தமிழர். மற்றவர் எர்னெஸ்ட் ஃபாரெஸ்டர் பேட்டன் (1891–1970), ஸ்காட்லாந்தின் அலோவா நகரில் கம்பளி நூல் ஆலை நடத்திய செல்வக் குடும்பத்தில் பிறந்தவர். பிரிட்டனில் தொடங்கிய நட்பு இருவரையும் திருப்பத்தூருக்கு அழைத்து வந்தது. ஊரார் அவர்களைப் பெரியண்ணன், சின்னண்ணன் என்றே அழைத்தனர். ஆட்சி செய்யும் இனத்தவர் ஒருவர் தம்பியாகவும் தமிழர் அண்ணனாகவும் ஒரே வீட்டில் வாழ்ந்தது அக்காலத்தில் சிறிய செய்தி அல்ல. வெள்ளையர் தலைமையில் இந்தியர் ஊழியராக நின்ற மிஷன் அமைப்புகளுக்கு அது வாழ்ந்தே சொன்ன பதில்.

இருவரும் மணம் செய்துகொள்ளவில்லை. கதர் உடுத்தி, எளிய உணவு உண்டு, நாளைத் தியானத்தோடும் கூட்டு ஜெபத்தோடும் தொடங்கினர். மன அமைதியை உலகை விட்டு விலகித் தேட வேண்டியதில்லை என்பதே ஆசிரமத்தின் அடிப்படை நம்பிக்கை. ஜெபத்தில் பெற்றதை நோயாளியிடம் கொண்டு சேர்க்க வேண்டும். நோயாளியிடம் கண்ட துயரத்தை மீண்டும் ஜெபத்துக்குக் கொண்டு வர வேண்டும். ஆசிரம மருத்துவமனையை இந்த ஆன்மிகத்தின் துணை வேலையாகக் கருதினால் ஆசிரமத்தையே புரிந்துகொள்ள முடியாது. சுற்றுப்புறக் கிராமத்து ஏழைகளுக்கு மருத்துவம் பார்ப்பதும் ஜெபத்தைப் போலவே இருவருக்கும் வாழ்க்கையின் நோக்கமாக இருந்தது.

ஆசிரமத்தில் முதலில் கண்ணில் படுவது ஜெபாலயம். கோபுரமும் கல் தூண்களும் கொண்டு தென்னிந்தியக் கோயில் கட்டடமுறையில் எழுந்தது அது. உள்ளே சிலைகள் இல்லை. செருப்பை வெளியே கழற்றிவிட்டுத் தரையில் அமர்ந்து தமிழில் வழிபடுவது வழக்கம். பெஞ்சுகளும் ஐரோப்பிய மெட்டுகளும் பழகிப்போன சபைகளுக்கு இது புதுமை. திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் அமர்ந்து பழகிய கிராமத்தவருக்கோ இயல்பானது. கிறிஸ்துவை ஏற்பவர் தம் மண்ணின் பழக்கங்களைத் துறக்க வேண்டியதில்லை என்பதை நூறு பிரசங்கங்களைவிட இந்தக் கட்டடம் நன்றாகவே எடுத்துக் காட்டுகிறது.

ஆசிரமத்தார் உடுத்திய கதருக்கு அரசியல் விளைவும் இருந்தது. 1932இல் சட்டமறுப்பு இயக்கத்தின்போது, சென்னையில் அந்நியத் துணிக்கடை மறியல் நடந்த இடத்தில் கதர் உடையில் நின்ற பேட்டன் போலீஸாரால் அடிக்கப்பட்டார். அவர் மீது சாய நீரும் பீய்ச்சப்பட்டது. இந்த நிகழ்ச்சி பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் கேள்வியாக எழுந்தது. நூல் ஆலைக் குடும்பத்தின் மகன் கைராட்டை நூலால் நெய்த துணிக்காக அடிபட்டார் என்பதிலேயே அவருடைய துறவின் ஆழம் தெரிகிறது.

ஜேசுதாசன் ஆசிரம வாழ்க்கை பற்றியும் இந்திய வடிவிலான கிறிஸ்தவம் பற்றியும் ஆங்கிலத்தில் எழுதினார். இத்தகைய இந்திய வடிவத்தைத் தேடியே 1950இல் குளித்தலை அருகே ஜூல்ஸ் மோன்ஷனேன், ஆன்றி லெ சோ என்னும் இரு பிரெஞ்சுத் துறவியர் தொடங்கிய சாந்திவனம் ஆசிரமம் கத்தோலிக்க மரபில் வேறொரு பாதையை எடுத்தது. அங்கே உபநிடதங்களோடான உரையாடலும் தியானமும் முதன்மை பெற்றன. திருப்பத்தூரில் ஜெபாலயமும் மருத்துவமனையும் சம எடையோடு நின்றன.