ஈர வாயு எந்தக் கரையில் ஏறியது?

ஐரோப்பாவின் இயற்கை எரிவாயு திரவ உற்பத்தி அட்டவணையைப் பார்த்தால் நார்வே தனியாக உச்சியில் நிற்கும். பிரிட்டன் வெகு தூரம் பின்னால். அரை நூற்றாண்டு கண்டத்துக்கே எரிவாயு ஊட்டிய நெதர்லாந்து? தேடத்தான் வேண்டும்.

காரணம் ரொம்பப் பழசு. 1959ல் ஸ்லோக்டரன் கிராமத்தருகே கிடைத்த க்ரோனிங்கன் வாயு, அடியில் புதைந்த நிலக்கரிப் படுகையிலிருந்து வந்தது. சுமார் 81% மீத்தேன், 14% நைட்ரஜன். திரவமாகப் பிரித்தெடுக்க வேண்டிய ஈத்தேன், புரொப்பேன், பியூட்டேன் எல்லாம் பேருக்குத்தான். (சமையல் சிலிண்டரில் இருப்பது பின்னால் சொன்ன இரண்டும்தான்.) வடகடலின் வடபாதியில் கதையே வேறு. அங்கே மூலம் கடல் பாசி படிந்த களிப்பாறை. எண்ணெயோடு சேர்ந்து வரும் வாயு கனமானது. நார்வேக்காரர்கள் அதை 'ஈர வாயு' என்றே சொல்கிறார்கள்.

ஆனால் பாறை மட்டும் எல்லாத்தையும் சொல்லிவிடாது. 1969ல் நார்வே பகுதியில் எக்கோஃபிஸ்க் வயல் கண்டுபிடிக்கப்பட்டது. தங்கள் கடலில் கிடைப்பது பொதுவாகத் தங்கள் கரைக்கே வரணும்ன்னு 1971ல் நாடாளுமன்றக் குழு 'பத்துக் கட்டளை' போட்டது. ஆசை சரிதான், குறுக்கே கிடந்தது நார்வே அகழி. கரையை ஒட்டி ஓடும் இந்தக் கடலடிப் பள்ளம் சுமார் 300 மீட்டர் ஆழம். அன்றைய தொழில்நுட்பத்தில் அதற்குள் குழாய் போட்டு ஏற்ற யாருக்கும் தைரியம் வரவில்லை. அதனால் 1975 முதல் எண்ணெய், தன்னுள் கலந்த திரவங்களோடு, சுமார் 350 கிலோமீட்டர் தாண்டி இங்கிலாந்தின் டீசைடுக்குப் போனது. பிரித்தெடுத்த வேலை அங்கே. வாயு 1977ல் ஜெர்மனியின் எம்டனுக்கு. நார்வேயின் ராஃப்னெஸில் கட்டிய பெட்ரோகெமிக்கல் ஆலைக்கு, நார்வேயின் சொந்த ஈத்தேன் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பி வந்தது! இந்த வருடங்களை 'நாடு' என்ற ஒரே கட்டத்தில் அடைத்து ஒப்பிட்டால் என்ன அர்த்தம்? கிணறு ஒரு நாட்டில், பிரிப்பு ஆலை இன்னொரு நாட்டில்.

1985ல்தான் முடிச்சு அவிழ்ந்தது. ஸ்டாட்ஃபியோர்ட் வயலின் ஈர வாயு, அகழியைக் கடந்த ஸ்டாட்பைப் குழாய் வழியே ஸ்டாவாங்கருக்கு வடக்கே கார்ஸ்டோவில் கரையேறியது. அதே சமயத்தில் பிரிட்டன் தன் பிரென்ட் வயல் திரவங்களை ஸ்காட்லாந்தின் மாஸ்மோரன் வரை கொண்டுபோய் எத்திலீன் ஆக்கியது. அங்கே இப்படியொரு அகழி இல்லை, நாடகமும் இல்லை.

அலகுச் சிக்கலும் உண்டு: அமெரிக்க அட்டவணை பீப்பாயில் எண்ணும், நார்வே ஒரு டன் திரவத்தை 1.9 கனமீட்டர் எண்ணெய்க்குச் சமம் என்று மாற்றும். அப்படியே பக்கத்தில் வைத்தால் கோடு கோணலாகத்தான் வரும்.

2016 மார்ச்சில், அதே ராஃப்னெஸுக்கு முதன்முறையாக அமெரிக்க ஷேல் ஈத்தேன் கப்பலில் வந்திறங்கியது. உற்பத்தி அட்டவணையில் அதற்கு இடமில்லை. அது எண்ணுவது கிணற்றை, ஆலையை அல்ல.