மனச்சிதைவு நோயும் சிகிச்சைத் தாமதமும் : தமிழக வரலாற்று நோக்கு

முன்னுரை

சென்னையில் மனநோயாளர்க்கான காப்பகம் 1794இல் தோன்றியது; 1871இல் கீழ்ப்பாக்கத்தில் நிலைபெற்றது. மருத்துவமனை தோன்றி இருநூறு ஆண்டுகள் கடந்த பின்னரும் நோயாளர் பலர் மருத்துவரை அடையாமலோ காலந்தாழ்ந்து அடைந்தோ வந்தமைக்கான காரணத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

பெயரும் மருந்தும்

ஜெர்மானிய மருத்துவர் கிரெப்பிலின் 1890களில் இந்நோயை இளமையில் தோன்றி அறிவைச் சிதைப்பதாக வகைப்படுத்தினார். 1908இல் பிளாய்லர் ‘ஸ்கிசோஃப்ரினியா’ என்னும் பெயரைச் சூட்டினார். எனினும் 1952இல் பாரிஸில் குளோர்புரோமசின் பயன்பாட்டுக்கு வரும்வரை நோயைத் தொடக்கத்தில் அறிவதால் விளையும் பயன் குறைவே. பயனுள்ள மருந்து கிடைத்த பின்னரே தாமதம் தவிர்க்கக்கூடிய இழப்பாயிற்று.

காப்பகத்திலிருந்து சிகிச்சைக்கு

1912ஆம் ஆண்டுச் சட்டம் நடுவரின் ஆணையைச் சேர்க்கையின் முதன்மை வழியாகக் கொண்டமையால், மருத்துவமனை அடைத்துவைக்கும் இடமாகவே மக்கள் மனத்தில் பதிந்தது. 1961இல் கீழ்ப்பாக்க மருத்துவமனையின் கண்காணிப்பாளரான சாரதா மேனன், 1984இல் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தை (ஸ்கார்ஃப்) நிறுவினார். இதற்கு முன்னரே, 1981இல் சென்னையில் முதன்முறை நோயுற்ற 90 பேரைத் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வு தொடங்கியிருந்தது. பத்தாண்டு நிறைவில் அவர்களுள் பெரும்பாலோரிடம் அறிகுறிகள் தணிந்திருந்தன. இந்நோய் மீளாதது என்னும் கருத்தை இம்முடிவு ஐயத்துக்கு உள்ளாக்கியது.

ஏர்வாடி

இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை நாடி வந்தோர் தங்கிய தனியார் காப்பகமொன்றில் 2001 ஆகஸ்ட் 6 அன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தமையால் தப்ப இயலாது 28 பேர் மாண்டனர். இவர்கள் அனைவரும் மனச்சிதைவு நோயாளர் எனக் கொள்ள இயலாது; ஆயினும் குடும்பங்கள் முதலில் நாடிய இடத்திற்கும் மருத்துவத்திற்கும் இருந்த தொலைவை இந்நிகழ்வு வெளிப்படுத்தியது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுதலை முற்றாகத் தடைசெய்தது. ஏர்வாடித் தர்காவிலேயே, வழிபாட்டோடு மருத்துவமும் கிடைக்கச் செய்யும் ‘தவா-துவா’ திட்டமும் நடைமுறைக்கு வந்தது.

முடிவுரை

இல்லாத குரல் கேட்டல், காரணமற்ற ஐயம், உறவினரை விட்டு ஒதுங்குதல், உறக்கக் குலைவு, தன்னைப் பேணாமை ஆகியவற்றை முதலில் காண்போர் வீட்டாரே. சட்டம் சங்கிலியை அகற்றலாம். இம்மாற்றங்களை நோயெனக் கண்டு காலத்தே மருத்துவரிடம் அழைத்துச் செல்வதைச் சட்டம் மட்டும் செய்துவிட இயலாது. மக்களின் நம்பிக்கையைப் பழிக்காது, அவர்கள் முதலில் செல்லும் இடத்திற்கே மருத்துவத்தைக் கொண்டு செல்வது தாமதத்தைக் குறைக்கும் வழி என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.