'ஹெல்ப்' என்று தட்டியதில் தொடங்கிய கதை

2005 ஏப்ரலில் லினக்ஸைப் படைத்த லினஸ் டோர்வால்ட்ஸ் தன் வழக்கமான வேலையை நிறுத்திவைத்தார். உலகெங்கும் இருந்து வரும் நிரல் திருத்தங்களைச் சேர்த்துவைக்க லினக்ஸ் குழு 2002 முதல் நம்பியிருந்தது பிட்கீப்பர் என்ற மென்பொருளை. லாரி மெக்வாயின் நிறுவனம் அதை இலவசமாகத் தந்துவந்தது. ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் அதன் சர்வர் எப்படிப் பேசுகிறது என்று துருவப்போக, மெக்வாய் கோபத்தில் இலவசத்தை ரத்து செய்தார். அதே மாதம் கான்பெரா மாநாட்டு மேடையில் ட்ரிட்ஜெல் தன் 'ரகசியத்தை'ச் செய்தே காட்டினார். டெல்நெட்டில் சர்வரோடு இணைந்து 'ஹெல்ப்' என்று தட்டினார். சர்வர் தன் கட்டளைகளைத் தானே ஒப்பித்தது. அவ்வளவுதான். ஆனால் லினக்ஸ் நடுத்தெருவில் நின்றது.

ஏப்ரல் 3ஆம் தேதி டோர்வால்ட்ஸ் புதிதாக ஒன்றை எழுதத் தொடங்கினார். 7ஆம் தேதி அது தன் நிரலையே தனக்குள் சேமித்துக்கொண்டது. அதுதான் கிட். எந்த வரியை யார், எப்போது மாற்றினார் என்பதை அது மறப்பதே இல்லை. ஆனால் பழகுவதற்குள் போதும் போதும் என்றானது. சாதாரண நிரலாளரிடம் இதை யார் கொண்டுசேர்ப்பது?

2008 ஏப்ரலில் சான்பிரான்சிஸ்கோ இளைஞர்கள் சிலர், கிட்டில் வைத்த நிரலை இணையத்தில் பகிரும் கிட்ஹப் தளத்தைத் திறந்துவைத்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் ஜெஃப் லிண்ட்சே, ஒரு தளத்தில் ஏதாவது நடந்தால் இன்னொரு தளத்துக்குத் தானாகத் தகவல் போகும் ஏற்பாட்டுக்கு 'வெப்ஹுக்' என்று பெயர் வைத்திருந்தார். கிட்ஹப் அதைப் பிடித்துக்கொண்டது. நிரல் ஏறிய மறுகணம் வெளியே செய்தி பறந்தது. கேட்டுப் புரிந்துகொள்ளத்தான் எதிர்முனையில் ஆளில்லை.

2009 ஜூனில் ஃப்ளிக்கரின் ஜான் ஆல்ஸ்பாவும் பால் ஹேமண்டும், நாளுக்குப் பத்துக்கும் மேற்பட்ட முறை புது நிரலை சர்வரில் ஏற்றுவதாக ஒரு மாநாட்டில் சொன்னார்கள். மற்றவர்களும் வேகம் கூட்டினார்கள், தலைவலியும் கூடியது. நள்ளிரவில் தளம் விழுந்தால், அன்று ஏறியதில் எது குற்றவாளி? சர்வரின் நடப்புப் பதிவான லாக் ஆபரேஷன்ஸ்காரர்களிடம் இருந்தது, நிரல் டெவலப்பர்களிடம் இருந்தது. தூக்கம் கலைந்தவர்கள் இரண்டையும் கண்ணால் ஒத்துப் பார்த்தார்கள்.

கிட்ஹப் ஊழியர்கள் தங்கள் அரட்டை அறையில் ஹ்யூபாட் என்ற அரட்டை ரோபோவை (பாட்) குடியேற்றி, 2011 அக்டோபரில் அதை ஓப்பன் சோர்ஸாக வெளியிட்டார்கள். 'டிப்ளாய்' என்றால் நிரலை ஏற்றியது. 'ஏன் விழுந்தது?' என்றால் விழித்தது. எழுதிக்கொடுத்த கட்டளைகளைத் தாண்டி அதற்கு எதுவும் தெரியாது. யோசிக்கும் பாட் வருவதற்குள் வேறொரு இடி இறங்கியது.

2022 ஏப்ரலில், கிட்ஹப்புக்குள் நுழைய ஹெரோகு, டிராவிஸ் சிஐ என்ற இரு வெளிச் சேவைகளுக்குத் தரப்பட்டிருந்த டோக்கன்கள் திருடு போயின. அந்தச் சாவிகளைக் கொண்டு பல நிறுவனங்களின் தனி ரெப்போக்களை (நிரல் கிடங்குகளை) யாரோ இறக்கிக்கொண்டார்கள். கிட்ஹப் ஆப் என்ற வழி 2017 முதலே இருந்தது. அதில் குறித்த ரெப்போக்களை மட்டும் திறக்கலாம். டோக்கன் ஒரு மணி நேரத்தில் காலாவதியாகும். அதன் அருமை அப்போதுதான் பலருக்கு உறைத்தது.

2024 நவம்பரில், ஏஐ மாடல்களை வெளிக்கருவிகளோடு இணைக்கும் பொது நெறிமுறையாக எம்சிபியை ஆந்த்ரோபிக் வெளியிட்டது. 2025 மே மாதம் மைக்ரோசாஃப்ட் அஜூர் எஸ்ஆர்இ ஏஜென்ட்டை அறிவித்தது. டிசம்பரில் அமேசானின் டெவ்ஆப்ஸ் ஏஜென்ட் வந்தது. சர்வர் தடுமாறினால் லாக்கைப் படித்து, கிட்ஹப்பில் அன்றைய மாற்றங்களைப் புரட்டி, சந்தேகத்துக்குரிய கமிட்டைச் சுட்டிக்காட்டும் உதவியாளர்கள் இவை. ஹ்யூபாட் விழித்த கேள்விக்குப் பதில் தேடும் வேலை இவற்றுக்கு வந்தது.

இத்தகைய உதவியாளர்களின் செட்டிங்ஸ் பக்கத்தில் 'கிட்ஹப்பை இணை' என்று சாதுவாக நிற்கும் பொத்தான் இப்படித்தான் பிறந்தது. அதை அழுத்தியதும் 'எல்லா ரெப்போக்களும்', 'தேர்ந்தெடுத்தவை மட்டும்' என்று இரண்டு தெரிவுகள் வரும். 2022இல் நடந்ததைப் பார்த்த பிறகு, இரண்டாவதே சரி.